பங்கு வந்தது, நாற்காலி வரவில்லை

பாடியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் பேருந்தில் நடத்துநர் சொல்லும் நிறுத்தங்களில் பல கம்பெனிகளின் பெயர்கள். லூகாஸ், டன்லப், டி.ஐ. சைக்கிள். ஆலை இடம் மாறினாலும் மூடினாலும் நிறுத்தத்தின் பெயர் மாறுவதில்லை. அந்த வழியில்தான் பாடியில் திருவலிதாயமும், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயிலும் இருக்கின்றன. இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். தெற்கே உள்ள பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். சென்னையின் மேற்குப் புறநகரில் வசிப்பவர்களுக்குக் கோயிலும் கம்பெனியும் ஒன்றையொன்று விலக்கும் இரண்டு உலகங்கள் ஆனதில்லை. காலையில் ஒன்றைக் கும்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்கு மற்றொன்றுக்குள் போய்வந்த தலைமுறைகள் இங்கே உண்டு.

ஆனால் கம்பெனியின் போர்டு அறைக்குள் மரபு நுழையும்போது என்ன ஆகிறது? அதற்கு அண்மைக்காலத்தின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, அம்பத்தூரில் சைக்கிள் ஆலை கண்ட முருகப்பா குடும்பத்திலிருந்தே வந்தது. 2020 செப்டம்பரில் அக்குழுமத்தின் முதலீட்டுத் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவில் வாழும் வள்ளி அருணாசலத்தை இயக்குநராக நியமிக்கும் தீர்மானம் அதில் வாக்கெடுப்புக்கு வந்தது. அவருடைய தந்தை எம்.வி.முருகப்பன் 2017 செப்டம்பரில் காலமானவர். அவருக்கு மகன் இல்லை, மகள்கள் இருவர். தந்தை வழியில் தாய்க்கும் மகள்களுக்குமாகச் சேர்ந்த பங்கு 8.21 சதவீதம். தீர்மானத்துக்கு எதிராக விழுந்த வாக்கு 91.36 சதவீதம்.

தனக்கு ஒரு சகோதரன் இருந்திருந்தால் இந்த இடம் அவனுக்குக் கேட்காமலே கிடைத்திருக்கும் என்பது வள்ளி அருணாசலம் பொதுவெளியில் வைத்த வாதம். அவர் தரப்பு சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடியது. 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் குடும்ப ஏற்பாடு ஒன்றின் வழியாகச் சமாதானம் கண்டு வழக்குகளை முடித்துக்கொண்டன. யார் மனத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை ஆகாது. எனக்கு முக்கியமானது வேறொரு கேள்வி: மகளின் கைக்குப் பங்கு வந்து சேர்ந்த அதே சட்ட ஒழுங்கில், பங்கோடு நாற்காலி ஏன் வரவில்லை? மரபு அதைத் தடுத்தது என்பது பலரும் சொல்லும் விடை. மரபின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

ஏட்டில் இருந்த ஆச்சி

முருகப்பா குடும்பம் சார்ந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் அடிப்படை அலகு ‘புள்ளி’. திருமணமான ஆண் ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராக அவர் பெயர் பதிவாகும். அக்கணக்கை வைத்தே கோயில் வரி வரும். பெண் திருமணமானதும் கணவரின் கோயிலுக்கும் புள்ளிக்கும் உரியவளாகிறாள். கடையின் ‘விலாசம்’ என்பது தாத்தா, தந்தை, மகன் என்று ஆண்களின் தலைப்பெழுத்துகளைக் கோத்து உருவான வணிகப் பெயர். மகன் இல்லாதவர் தம் கோயில் வட்டத்துக்குள்ளேயே ஒரு பையனைப் ‘பிள்ளை கூட்டி’க்கொள்வார். புள்ளி அறுந்துபோகக் கூடாது என்பது அதன் நோக்கம். இந்த வரைபடத்தை மட்டும் பார்த்தால் மகளுக்கு இதில் இடமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் பணம் எழுதப்பட்ட ஏடு வேறு கதை சொல்கிறது. நகரத்தார் வட்டித் தொழிலை ஆராய்ந்த டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில், கடையின் மூலதனம் எந்தெந்த வாய்க்கால்களில் வந்தது என்று பிரித்துக் காட்டுகிறார். பங்காளிகளின் முதல் பணம் ஒன்று. கோயில் பணம் ஒன்று. பிற கடைகள் வைத்த பணம் ஒன்று. இவற்றோடு ‘ஆச்சிமார் பணம்’ என்றே ஒரு தலைப்பு உண்டு. பெண்கள் திருமணத்தில் கொண்டுவந்த பணம் அது. கடையில் அது வைப்பாக இருந்தது. அதற்கு வட்டி ஏறியது. கணவரின் சொத்தோடு கரைந்துபோகாமல் தனிக் கணக்காக நின்றது.

திருமணத்திலும் எழுத்து உண்டு. ‘இசைகுடிமானம்’ இரு வீட்டாரும் ஒப்பி எழுதும் மண ஒப்பந்தம். ‘மொய்ப்பண ஏடு’ பெண்ணுக்குச் சேர்ந்த பணத்தின் பதிவு. நகரத்தார் பெண்களின் சொத்துரிமையைக் களத்தில் இருந்து ஆராய்ந்த ஜப்பானிய மானுடவியலாளர் யூகோ நிஷிமுரா 1998இல் வெளியிட்ட நூலிலும், தாய்வீட்டிலிருந்து வந்த செல்வம் பெண்ணுக்குத் தந்த பிடிமானம் விரிவாகப் பேசப்படுகிறது. மணமான மகனுக்கு ஒரே வளவுக்குள் தனி அடுப்பும் தனிச் செலவுக் கணக்கும் கொடுத்து ‘வேறு வைக்கும்’ வழக்கத்தால், ஒவ்வொரு மருமகளும் சிறு வயதிலேயே ஒரு குடும்பத்தின் வரவுசெலவைத் தன் கையில் எடுத்தாள்.

இதை இனிப்பாக்கிச் சொல்லக் கூடாது. ஆச்சிமார் பணத்தை வைத்து யாருக்குக் கடன் கொடுப்பது என்று ஆச்சிகள் கடையில் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஆண்களே. பணத்துக்கு உரிமை ஓரிடத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் இன்னோரிடத்தில் என்ற பிளவு அன்றே இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு மரபு எதைத் தந்ததோ அதை எழுத்தில் தந்தது. யார் கடையில் அமர்வது என்பதை மட்டும் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எழுத வேண்டிய தேவை அன்று வரவில்லை.

மௌல்மீனிலிருந்து அம்பத்தூர்

முருகப்பா குழுமம் தன் தொடக்கத்தை 1900இல் வைக்கிறது. செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ.எம்.முருகப்ப செட்டியார் பர்மாவின் மௌல்மீனில் வட்டித் தொழில் தொடங்கிய ஆண்டு அது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பெருமந்தக் காலத்தில் கடன்பட்ட உழவர்கள் கட்ட முடியாமல் விட்ட நிலம் அதில் பெரும்பகுதி. அந்த நிலமே அவர்கள்மீது வெறுப்பாகத் திரும்பியது. ஜப்பானியப் படையெடுப்பு வருவதற்கு முன்பே மூலதனத்தைத் தாயகம் திருப்பிய குடும்பங்களில் முருகப்ப செட்டியாரின் குடும்பமும் ஒன்று.

கடை கம்பெனியானது இங்கேதான். பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் உருவானது, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாரானது. ஆவடியில் 1955இல் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. பிரிட்டிஷ் கூட்டாளி நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் எழுந்த மருத்துவமனையை இன்றும் இப்பகுதி மக்கள் அறிவார்கள். பள்ளத்தூரில் கோயிலும் குளமும் பள்ளியுமாக இருந்த அறக்கட்டளை மரபு, அம்பத்தூருக்கு வந்தபோது மருத்துவமனையாகவும் பள்ளிக்கூடமாகவும் தொடர்ந்தது. மரபைச் சுமந்துகொண்டே நவீனத் தொழிலுக்குள் நுழைய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இப்பகுதியில் இல்லை.

அதே 1955 ஜனவரியில் அதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1இல் கம்பெனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில குடும்பங்கள் மேனேஜிங் ஏஜென்சி என்ற ஏற்பாட்டின் மூலம் சிறிய முதலீட்டில் பெரிய கம்பெனிகளை ஆண்ட முறைக்கு அந்தச் சட்டம் கடிவாளம் போட்டது. 1970 ஏப்ரலில் அம்முறை முற்றாக ஒழிந்தது. அதன் பிறகு ஒரு குடும்பம் தன் கம்பெனிகளைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் அதற்கு இருந்த நேர்வழி, பங்குகளைச் சேர்த்துப் பிடித்து வைப்பது. குடும்பத்தின் பங்குகளையெல்லாம் ஓரிடத்தில் குவிக்கும் முதலீட்டு நிறுவனங்களின் முக்கியத்துவம் அங்கிருந்து வருகிறது. இப்படிப்பட்ட நிறுவனத்தின் போர்டு, வெளிப்பார்வைக்குக் கம்பெனியின் போர்டு. உள்ளே அது குடும்பத்தின் கூடம்.

1990களின் இறுதியில் முருகப்பா குழுமம் தொழிற்கம்பெனிகளின் அன்றாட நிர்வாகத்தை வெளியிலிருந்து வந்த தொழில்முறை மேலாளர்களிடம் ஒப்படைத்தது. குடும்பத் தொழில்களைப் பற்றிய மேலாண்மைப் பாடங்களில் இன்றும் பேசப்படும் மாற்றம் அது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் போர்டுகளில் சட்டப்படி பெண் இயக்குநர்களும் வந்தார்கள். குடும்பத்தின் கூடத்துக்குத்தான் கேள்வி கடைசியில் வந்து சேர்ந்தது.

சொத்து மகளுக்கு வந்த பாதை

பங்கு மகளின் கைக்கு வந்த பாதை நீளமானது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளை மகனோடு சமமான முதல் வகுப்பு வாரிசாக்கியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மட்டும் மகன்களிடமே நின்றது. ஆந்திரத்துக்குப் பின் அதைத் திறந்தது தமிழ்நாடு. 1989 மார்ச் 25 முதல் செல்லும் திருத்தத்தால் மகளும் பிறப்பிலேயே பங்காளியானாள். அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. ஒரு முகூர்த்தத் தேதி உரிமையை முடிவு செய்த குடும்பங்கள் இம்மாநிலத்தில் உண்டு. 2005 செப்டம்பர் 9இல் மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று தொடர்ந்த குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்தது அல்ல.

அத்தீர்ப்பு வந்த ஆறு வாரங்களுக்குள்தான் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் பொதுக்கூட்டம் நடந்தது. ‘மகள் பிறப்பிலேயே பங்காளி’ என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லி மை உலரும் முன், அந்தப் பங்காளிக்கு மேசையில் இடம் உண்டா என்ற கேள்வி வாக்கெடுப்புக்குப் போனது. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதுதான் விஷயத்தின் முடிச்சு.

நாற்காலிக்கு வாரிசு இல்லை

பங்கு சொத்து, இயக்குநர் பதவி அப்படியல்ல. 2013இன் கம்பெனிகள் சட்டத்தில் 152ஆம் பிரிவின்படி இயக்குநரைப் பொதுக்கூட்டம் நியமிக்கிறது. சாதாரணத் தீர்மானத்துக்கு வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். 51 சதவீதம் வைத்திருப்பவர் எல்லா நாற்காலிகளையும் நிரப்பலாம். 49 சதவீதம் வைத்திருப்பவருக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். வாக்களிக்கும் பங்குதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகுதி போதாது என்று நினைத்து மறுத்தாரா, மகள் என்பதால் மறுத்தாரா என்று வாக்குச்சீட்டு பிரித்துச் சொல்லாது.

எண்ணிக்கைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் வேண்டுமானால் சட்டத்தில் வழி இருக்கிறது. 163ஆம் பிரிவின்படி, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத இயக்குநர்களை விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கம்பெனி தன் விதிகளில் எழுதிக்கொள்ளலாம். எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. டாடா சன்ஸில் 18.37 சதவீதம் வைத்திருந்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துக்கே, போர்டில் விகிதாசார இடம் உரிமையாகக் கிடையாது என்று 2021 மார்ச் 26இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுத்தின் வலிமையை இன்னும் கூர்மையாகக் காட்டும் பழைய வழக்கு ஒன்று உண்டு. வி.பி.ரங்கராஜ் எதிர் வி.பி.கோபாலகிருஷ்ணன். மொத்தம் 50 பங்குகள் கொண்ட ஒரு சிறிய குடும்பக் கம்பெனி. இரண்டு கிளைகளுக்கும் தலா 25. ஒரு கிளையில் யாராவது பங்கை விற்றால் அந்தக் கிளைக்குள்ளேயே விற்க வேண்டும், சமநிலை குலையக் கூடாது என்று பெரியவர்கள் வாய்மொழியாகப் பேசி வைத்திருந்தார்கள். பின்னாளில் ஒரு கிளையின் மகன் மற்றக் கிளைக்குப் பங்கை விற்றார். கம்பெனியின் விதிகளில் எழுதாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது, பங்குதாரரையும் கட்டாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியவர்களின் வாக்கு பொய் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது எழுதப்படவில்லை என்றுதான் சொன்னது.

இந்த வழக்கையும் அம்பாடி வாக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்ட ஒன்றைத்தான் இக்கட்டுரையின் மையமாகக் கருதுகிறேன். எழுதப்படாத மரபு நீதிமன்றத்தில் நிற்பதில்லை. ஆனால் எழுதப்படாத மரபு வாக்கெடுப்பில் நிற்கும், அதுவும் கேள்விக்கு உட்படாமல் நிற்கும். ஒரு வழக்கம் எழுத்தில் இருந்தால் அது நியாயமா என்று எதிர்த்து வாதாடலாம். பெரும்பான்மையின் கைத்தூக்கலுக்குள் ஒளிந்துகொண்டால், அது வழக்கம் என்றே யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படி ஒளிந்திருப்பதை வெளியே இழுக்கச் சட்டம் தரும் கருவி 241, 242ஆம் பிரிவுகள். சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்கும் வகையில் கம்பெனி நடத்தப்பட்டால் தீர்ப்பாயம் தலையிடலாம். அந்தக் கதவைத் தட்டவே மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். அல்லது, நூறு உறுப்பினர்களோ மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கோ, எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும். இல்லையென்றால் தீர்ப்பாயத்திடம் விலக்குப் பெற வேண்டும். நீலகிரியின் ஊசி ஆலை பற்றிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம், சட்டமீறல் இருப்பதால் மட்டும் ஒடுக்குமுறை ஆகிவிடாது என்றது. நேர்மையும் நியாயமும் இருந்தனவா என்பதே அளவுகோல். பிரிட்டனில் 1972இன் இப்ராகிமி வழக்கு, நம்பிக்கையின்மேல் எழுந்த சிறிய கம்பெனிகளில் பங்குதாரரின் நியாயமான எதிர்பார்ப்பை மதிக்கச் சொன்னது. மகள் என்ற காரணத்தால் மட்டும் நாற்காலி மறுப்பது இந்த அளவுகோல்களின்படி ஒடுக்குமுறை ஆகுமா? முருகப்பா வழக்கு இறுதித் தீர்ப்பு வரை சென்றிருந்தால் இந்தியச் சட்டத்துக்கு விடை ஒன்று கிடைத்திருக்கலாம். சமாதானம் குடும்பத்துக்கு நல்லது. குடும்ப ஏற்பாடுகளை நீதிமன்றங்களும், 1976இன் காலே வழக்கில் போல, ஆதரித்தே வந்திருக்கின்றன. ஆனால் மற்ற மகள்களுக்கு அந்தக் கேள்வி விடையில்லாமலே மிஞ்சியது.

கையெழுத்து மட்டும் உள்ள டைரக்டர்கள்

இதன் மறுபக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. 1960களில் உருவாகி, நாட்டின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்றாக வளர்ந்த இடம் அது. லேத்து, பிரஸ், பவுடர் கோட்டிங், டை அண்ட் மோல்டு என்று வரிசையாகப் பட்டறைகள். தொழில் கொஞ்சம் வளர்ந்ததும், பெரிய கம்பெனிகளுக்கு வெண்டராக வேண்டும் என்பதற்காகவோ வங்கிக் கடனுக்காகவோ அவற்றில் பல பிரைவேட் லிமிடெட் ஆகின்றன. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் தேவை. இரண்டாவது இயக்குநர் யார்? பல பட்டறைகளில் மனைவி, சிலவற்றில் அம்மா.

அவருடைய டிஜிட்டல் கையெழுத்துக் கருவி ஆடிட்டர் அலுவலக மேசையில் இருக்கும். போர்டு மீட்டிங் நடந்ததாக மினிட்ஸ் புத்தகம் சொல்லும். வங்கி மேலாளர் வரும்போது ஜாமீன் கையெழுத்துப் போட அவர் அழைக்கப்படுவார். கடன் தவறினால் அந்த ஜாமீன் அவர் நகையையும் வீட்டையும் தேடி வரும். கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இயக்குநர்களுக்குச் சொல்லும் கடமைகள், பெயருக்கு இருப்பவர், உண்மையில் இருப்பவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் 164ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழக்கிறார். 2017 செப்டம்பரில் நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படித் தகுதி இழந்ததாக அறிவிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல நீதிமன்றங்களில் அது வழக்கானது.

ஆக, ஒரே சாலையின் இரு முனைகளில் இரண்டு பெண்கள். பெரிய குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் பங்கும் படிப்பும் உள்ள பெண்ணுக்கு நாற்காலி இல்லை. பட்டறையில் நாற்காலி உள்ள பெண்ணுக்கு அங்கே பேச்சு இல்லை. முதலாமவருக்கு மறுக்கப்பட்டது அதிகாரம். இரண்டாமவரிடம் சுமத்தப்பட்டது அதிகாரம் கழித்த பொறுப்பு. ஆச்சிமார் பணத்தில் தெரிந்த அதே பிளவு, நூறு ஆண்டுகள் கழித்துக் கம்பெனிச் சட்டத்தின் படிவங்களில் வந்து நிற்கிறது.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும், 100 கோடி ரூபாய் மூலதனமோ 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ எட்டிய பொதுக் கம்பெனிகளும் ஒரு பெண் இயக்குநரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 149ஆம் பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. குடும்பத்துப் பெண் ஒருவரை உட்காரவைத்து எண்ணிக்கையைக் காட்டும் பழக்கம் பரவியதால், முதல் 500 பட்டியல் கம்பெனிகளில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 கம்பெனிகளில் 2020 ஏப்ரல் முதலும் சுதந்திரமான பெண் இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் இந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றன. நாம் பேசும் பட்டறைகளும், பல குடும்பங்களின் பங்குக் களஞ்சியங்களும் அங்கேதான் இருக்கின்றன.

மரபுக்குள் வேறு வழிகள்

மகளுக்குக் கதவு திறந்த குடும்பங்களும் இதே நகரத்தில் உண்டு. அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் ஏ.சிவசைலத்துக்கும் மகள்கள் மட்டுமே. அவர்களில் மல்லிகா சீனிவாசன் 1986இல் டாஃபேயில் சேர்ந்து, டிராக்டர் தொழிலில் அதை உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்தார். பாடியில் வேரூன்றிய சுந்தரம் கிளேட்டனுக்கு 2022 மே மாதம் லட்சுமி வேணு நிர்வாக இயக்குநரானார். சுந்தரம் கிளேட்டனும் அடங்கிய குழுமத்தை டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கினார்; அந்த டி.வி.எஸ். குடும்பம், தன் கிளைகளைப் பிரித்துக்கொள்வதை 2020 டிசம்பரில் ஒப்பந்தமாக எழுதி, சென்னை தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு நிறைவேற்றிக்கொண்டது. எந்தக் கம்பெனி எந்தக் கிளைக்கு என்பது வாய்ச்சொல்லில் தொங்கவில்லை.

இக்குடும்பங்கள் மரபைக் கைவிட்டவை அல்ல. கோயில் திருப்பணியும் சங்கீதமும் அறப்பணியும் அவற்றின் அடையாளங்களாகவே தொடர்கின்றன. அப்படியானால் மகளை விலக்குவதுதான் மரபின் உயிர் என்று சொல்ல முடியாது. எந்த மரபிலும் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று அம்மரபு தன்னைப் பற்றி உண்மையாக நம்புவது: நகரத்தாரிடம் அது கணக்கில் நேர்மை, எழுத்தில் தெளிவு, ஈட்டியதில் ஒரு பகுதியைக் கோயிலுக்கும் ஊருக்கும் வைப்பது. மற்றொன்று, அந்தந்தக் காலத்தின் வசதிக்காகச் சேர்ந்த வழக்கங்கள். கப்பலேறிப் போய் மூன்றாண்டுகள் தங்கிக் கடை நடத்த வேண்டிய காலத்தில் ஆண் மட்டும் போனது இரண்டாம் வகை. அது முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன.

எழுதச் சொல்லுங்கள்

2018இல் சென்னை சட்டக் கல்லூரி பாரிமுனையிலிருந்து பிரிந்தபோது அதன் ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருந்து சட்டம் படிப்பவர்கள் இன்று கிழக்கே மட்டுமல்ல, மேற்கேயும் ரயிலேறுகிறார்கள். கம்பெனி செக்ரட்டரி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இப்பகுதியில் பலர். அவர்களில் பட்டறை முதலாளிகளின் மகள்கள் உண்டு; அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்களின் மகள்களும் உண்டு. நிறுவனச் சட்டம் என்றால் தங்கள் பேச்சையும் பூவையும் பொட்டையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு நுழைய வேண்டிய அறை என்று அவர்களுக்குச் சிலர் சொல்லித்தருகிறார்கள். அது தவறான பாடம்.

குடும்பக் கம்பெனியின் சட்டத்தை நன்றாகச் செய்ய, குடும்பம் எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து அறிந்திருக்க வேண்டும். பங்காளிச் சண்டை எங்கே தொடங்கும், பெரியப்பா எதைச் சொல்லாமல் விடுவார், சீர் கொடுத்தாயிற்று என்ற வாக்கியத்துக்குள் எத்தனை உரிமைகள் அடங்கிப்போகின்றன என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இல்லை. அம்பத்தூர் வீட்டுக் கூடத்தில் வளர்ந்தவளுக்கு அது தெரியும். அந்த அறிவு அவளுடைய மரபுச் சொத்து. அதை அவள் தொழிலுக்குக் கொண்டுவரலாம்.

கொண்டுவந்து செய்ய வேண்டிய வேலை மிகத் திட்டமானது. பிரைவேட் லிமிடெட் பதிவு செய்யும் நாளிலேயே, இணையத்தில் கிடைக்கும் மாதிரி விதிகளை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொரு கிளைக்கும் எத்தனை இயக்குநர்கள், மகனும் மகளும் அதில் சமமா, பங்கை யாருக்கு விற்கலாம் என்பதையெல்லாம் கம்பெனி விதிகளில் எழுதவைப்பது. பெரிய குடும்பங்களில் 163ஆம் பிரிவைப் பயன்படுத்தச் சொல்வது. கையெழுத்துப் போடும் மனைவிக்கு அக்கையெழுத்தின் பொருளைத் தமிழில் விளக்கி, போர்டு மீட்டிங்கில் அவரை உண்மையாகவே உட்காரவைப்பது. ஜாமீனில் கையெழுத்திடும் முன் அவர் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிக்கொடுப்பது. மகளை விலக்குவது குடும்பத்தின் விருப்பமென்றால் அதையும் எழுதச் சொல்வது. எழுத உட்காரும்போது அப்பா எதிரே இருக்கும் மகளின் முகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். வாய்மொழி வழக்கத்துக்கு இல்லாத கூச்சம் பேனாவுக்கு உண்டு.

இவையெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுமைகள் என்று யாராவது சொன்னால், மொய்ப்பண ஏட்டை எடுத்துக் காட்டலாம். பெண்ணின் பெயரைத் தனித் தலைப்பில் எழுதி, அவள் பணத்துக்கு வட்டி கணக்கிட்ட கைகள் நம்முடையவை. ஆச்சியின் பணத்துக்குப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிய அதே கணக்குப்பிள்ளையின் நேர்மை, அவள் பேத்திக்குக் கம்பெனி விதிகளில் ஒரு வரி ஒதுக்கினால் போதும். அந்த வரியை எழுதப்போகும் வழக்கறிஞர் இன்று ஆவடி நிலையத்தில் பட்டரைப்பெரும்புதூர்ப் பக்கம் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு மாணவியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.